துரோகத்துக்குப் பிறகும் நம்மிடம் தங்கிவிடும் இரகசியங்கள்

சபையில் ஒருவர் நம்மை ஏமாற்றிவிட்டால் அவரை யூதாஸ் என்று அழைக்க நமக்கு அதிக நேரம் ஆவதில்லை. அப்படி அழைத்த கையோடு, யாரும் சொல்லாமலே இயேசுவின் இடத்தில் நாமே போய் உட்கார்ந்துகொள்கிறோம். எதிராளியின் பாத்திரம் முடிவாகிவிட்டால் நம்முடைய பாத்திரமும் தானாக முடிவாகிவிடுகிறது. அதன்பின் நாம் செய்வதையெல்லாம் பாடுபடுகிறவரின் செயலாகவே எண்ணிக்கொள்ளலாம். எனக்குத் துரோகம் நேர்ந்த நாட்களில் இந்த வசதியின்மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. தாவீது தன் தோழனின் துரோகத்தைப் பற்றி 55 ஆம் சங்கீதத்தில் கதறுகிறார். அதே தாவீதுதான் தன் போர்வீரன் உரியாவின் சாவுக்கு வழிசெய்யும் நிருபத்தை உரியாவின் கையிலேயே கொடுத்துப் படைத்தலைவன் யோவாபிடம் அனுப்பினவர். துரோகத்துக்கு ஆளானவர் என்பதனால் மட்டும் ஒருவர் உத்தமராகிவிடுவதில்லை.

என் தங்கை சில காலம் மனநலச் சிகிச்சையில் இருந்தாள். வீட்டார் எல்லோரும் பேசி, அதை வெளியே சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தோம். அது வெட்கத்தினால் அல்ல, தான் விரும்பும்போது, தான் விரும்புகிறவர்களிடம் தானே சொல்லிக்கொள்வதாக அவள் கேட்டுக்கொண்டதனால். அவளுடைய சம்மதத்தோடு நான் ஒரே ஒருவரிடம் மட்டும் அதைச் சொன்னேன். அவர் எனக்கு மூத்தவர். நான் அண்ணன் என்று அழைப்பவர். பல ஆண்டுகளாக வாரந்தோறும் என்னோடு சேர்ந்து ஜெபிப்பவர். அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரியாத மூலை இல்லை என்று சொல்லலாம். என் வாழ்க்கையிலும் அவருக்கு அப்படியே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதிகம் பழக்கமில்லாத ஒரு சகோதரி என் அருகில் வந்து, "பிரதர், உங்க தங்கச்சிக்காக எங்க குழுவில தொடர்ந்து ஜெபிச்சுக்கிட்டிருக்கோம். இப்ப மாத்திரை எல்லாம் ஒழுங்கா எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றேன்; என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. பின்னர்தான் மீதியும் தெரியவந்தது. சபையில் ஒரு பொறுப்புக்கு என் பெயரும் அந்த அண்ணன் பெயரும் பேசப்பட்டபோது, "அவங்க வீட்டு நிலைமை இப்ப சரியில்லை, இந்த நேரத்தில அவர் மேல பாரம் வைக்க வேண்டாம்" என்று கரிசனையோடு எடுத்துச் சொன்னவர் அவர்தான். பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அது எனக்குக் கிடைக்காமல் போனதில் பெரிய வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பாதி உண்மைதான். ஆனால் தங்கை அதன்பிறகு அந்தச் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள் என்பதற்கு முன்னால் மற்றவையெல்லாம் சிறியவை.

துரோகத்தைப் பற்றி வேதம் பேசும் இடங்களில் திரும்பத் திரும்ப வருவது நெருக்கம்தான். 41 ஆம் சங்கீதத்தில் குதிகாலைத் தூக்கினவன் அப்பம் புசித்தவன். 55 ஆம் சங்கீதத்தில் அவன் ஒருமித்துத் தேவாலயத்துக்குப் போன தோழன். சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன் என்று அங்கே எழுதியிருப்பதை முன்பு பலமுறை வாசித்திருக்கிறேன். அந்த நாட்களில்தான் அது கணக்குப்போல நேரான வாக்கியம் என்று புரிந்தது. சத்துருவிடம் நம்முடைய இரகசியம் எதுவும் இருப்பதில்லை. அந்தச் சங்கீதத்தின் 22 ஆம் வசனம், கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு என்பது, வாக்குத்தத்த அட்டைகளிலும் காலண்டர்களிலும் அச்சாகிறது. அதற்குச் சற்று முன்னால் 15 ஆம் வசனத்தில் அவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்கட்டும் என்று தாவீது கேட்பதை யாரும் அட்டையில் போடுவதில்லை. போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 15 ஐ வாய்விட்டுச் சொல்லாமல் 22 க்கு நேரே தாவுவது என்னால் இயலவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சபையில் எவரும் கேட்டால் முகம் சுளிக்கக்கூடிய வார்த்தைகளைத் தேவனிடமே சொன்னேன். அவற்றைத் தேவனிடம் சொன்னதனால் மனிதர்களிடம் சொல்ல வேண்டிய அவசரம் குறைந்தது. இந்த அனுபவத்திலிருந்து பிறருக்கு நான் சொல்லக்கூடிய முதல் நடைமுறை ஆலோசனை இதுதான்: கோபம் கொதிக்கும்போது கைபேசியை எடுப்பதற்கு முன்பு சங்கீத புத்தகத்தை எடுங்கள். அங்கே கோபத்துக்கு இடம் இருக்கிறது. அங்கே கொட்டியது அடுத்தவருக்கு அனுப்பப்படாது.

நான் எதிர்பார்க்காத சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவர் என் இரகசியத்தை வெளியே விட்டுவிட்டார். ஆனால் அவருடைய இரகசியங்கள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருந்தன. பழைய வேலையிடத்தில் நடந்த ஒரு காரியத்தை அவர் ஒருமுறை அழுதுகொண்டே என்னிடம் சொல்லியிருந்தார். அது என்னவென்று இங்கேயும் எழுதப்போவதில்லை. அது முடிந்துபோன விஷயம். யாருக்கு நஷ்டம் செய்தாரோ அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துத் தீர்த்திருந்தார். இருந்தாலும் சபையில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அவருடைய பெயர் நிற்காது. அந்த ஒரு வார்த்தை என் நாக்கின் நுனியில் பல நாட்கள் இருந்தது. அதையும் ஜெபக்குறிப்பாகவே சொல்லியிருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை: "அண்ணனுக்காக ஜெபிங்க, பழைய காரியங்கள் அவரைத் தொந்தரவு செய்யுது" என்றால் யார் என்னைக் குற்றம் சொல்வார்கள்?

துரோகத்துக்குப் பின் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்கிறோம். நம்மிடம் தங்கிவிட்ட எதிராளியின் இரகசியங்களை என்ன செய்வது என்பதைப் பற்றி நான் கேட்டதே இல்லை. நீதிமொழிகள் 25:9 இதை நேரடியாகப் பேசுகிறது: உன் வழக்கை உன் அயலானோடு மட்டுமே வழக்காடு, மற்றவனுடைய இரகசியத்தை வெளிப்படுத்தாதே என்பது அதன் சாரம். வழக்கு இருக்கிறது என்பதை அந்த வசனம் மறுக்கவில்லை, வழக்காடவும் சொல்கிறது. ஆனால் வழக்கில் அடிப்பதற்காக, நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டதை ஆயுதமாக எடுக்காதே என்கிறது. அவர் என்னை நம்பிச் சொன்ன நாளில் நான் கொடுத்த வாக்கு, அவர் எப்போதும் நல்லவராக இருப்பார் என்ற நிபந்தனையோடு கொடுத்ததல்ல. கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறமாட்டான் என்று 15 ஆம் சங்கீதம் சொல்லும்போது, அந்த நஷ்டம் எந்த வடிவத்தில் வரும் என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை.

இந்தக் கண்ணோடு யோசேப்பின் கதையை மறுபடி வாசித்தபோது, முன்பு கவனிக்காமல் கடந்துபோன ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஆதியாகமம் 40 இல், சிறையிலிருக்கும் யோசேப்பு பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் தன்னை நினைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறான். தன் நிலையை விளக்க அவனுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. எபிரெயருடைய தேசத்திலிருந்து தான் களவாய்க் கொண்டுவரப்பட்டதாகவும், இந்தக் கிடங்கில் வைக்கப்படுவதற்குத் தான் எதுவும் செய்யவில்லை என்றும் மட்டுமே சொல்கிறான். 20 வெள்ளிக்காசுக்கு விற்றவர்கள் சொந்தச் சகோதரர்கள் என்று சொல்லவில்லை; தன்மேல் பொய்க் குற்றம் சாட்டிய போத்திபாரின் மனைவியின் பெயரை இழுக்கவில்லை. தான் குற்றமற்றவன் என்பதைத் தெளிவாகச் சொல்கிறான், குற்றவாளிகள் யாரென்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறான். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முடியும் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. நான் மௌனமாக இருந்தால் என்மேல் விழுந்த பழி அப்படியே நிற்குமே என்பதுதான் என் தவிப்பு. யோசேப்பு மௌனமாக இருக்கவும் இல்லை, அம்பலப்படுத்தவும் இல்லை.

பல வருடங்களுக்குப் பின், யோசேப்பு எகிப்தின் அதிகாரியாக உயர்ந்து, செழிப்பான 7 வருடங்களும் பஞ்சத்தின் 2 வருடங்களும் கழிந்த நிலையில், சகோதரர்களிடம் தன்னை வெளிப்படுத்தும்போது அவன் முதலில் செய்வது எகிப்தியர் எல்லோரையும் வெளியே அனுப்புவது. அடக்கமுடியாத அழுகைக்காக அனுப்பினான் என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் அழுகைச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது என்று வேதமே எழுதுகிறது. வெளியே கேட்காமல் போனது "நீங்கள் என்னை விற்றீர்கள்" என்ற வாக்கியம் என்று நான் நினைக்கிறேன். அடுத்து பார்வோனின் வீட்டுக்கு எட்டும் செய்தி, யோசேப்பின் சகோதரர் வந்தார்கள் என்பது மட்டும்தான். பார்வோனும் அவன் ஊழியக்காரரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள்.

கடைசிப் பந்தியிலும் ஏறக்குறைய இதையே பார்க்கிறேன். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னபோது சீஷர்கள் யூதாஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் நானோ, நானோ என்றுதான் கேட்டார்கள். அதாவது, அவ்வளவு காலமும் இயேசு அவனை நடத்திய விதத்திலிருந்து எவருக்கும் எந்தக் குறிப்பும் கிடைத்திருக்கவில்லை. மார்பில் சாய்ந்திருந்த சீஷனுக்கு, தாம் கொடுக்கப்போகும் அப்பத் துணிக்கையை அடையாளமாகச் சொன்னதைத் தவிர, அவர் அவனைப் பந்தியில் அம்பலப்படுத்தியதாக யோவான் எழுதவில்லை. அவன் எழுந்து வெளியே போனபோதுகூட, பண்டிகைக்கு வேண்டியதை வாங்கவோ தரித்திரருக்குக் கொடுக்கவோ போகிறான் என்று சிலர் நினைத்தார்களாம். கால்களைக் கழுவினார் என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனுடைய கால்களைக் கழுவும்போது முகத்தில் எந்த வேறுபாடும் தெரியாதபடி கழுவினார் என்பதைப் பேசுவதில்லை.

என்னுடைய சோதனை ஒரு மாலையில் நேராகவே வீட்டுக்கு வந்தது. சபையின் பொறுப்பில் இருக்கும் ஒருவர், நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "அவரைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நாங்க கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட அதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்காது. பொய் சொல்லவும் கூடாது, ஒப்படைக்கப்பட்டதைக் கொடுக்கவும் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான்: "இந்தப் பொறுப்பில அவர் இருக்கிறதால யாருக்கும் ஆபத்து வரும்னு நினைக்கிற மாதிரி எதுவும் எனக்குத் தெரியாது. என் தங்கை விஷயத்தை அவர் வெளியே சொன்னது தவறு. அதை அவர்கிட்டயே பேசப்போறேன். பேசியும் சரியாகலைன்னா உங்ககிட்ட வர்றேன்." அவர் இன்னும் ஏதாவது வரும் என்று சற்று நேரம் காத்திருந்தார். நான் பேச்சை மாற்றினேன்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரகசியம் காப்பதைப் பற்றிய பேச்சு சபைகளில் மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. அவரிடமிருந்து பிறருக்குத் தீங்கு வரும் அபாயம் இருந்திருந்தால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கோ, பொதுப் பணத்துக்கோ, எதிர்த்துப் பேச முடியாத எவருக்கோ ஆபத்து இருந்திருந்தால், என் பதில் வேறாகத்தான் இருந்திருக்க வேண்டும். அத்தகைய காரியம் மூப்பர்களோடும் நின்றுவிடக் கூடாது. குற்றமென்றால் சட்டத்துக்குமுன் போக வேண்டும். சாட்சியாக இருந்தும் அறிந்ததைத் தெரிவிக்காதவன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்கிறது லேவியராகமம் 5. கன்னானாகிய (உலோக வேலை செய்பவனாகிய) அலெக்சந்தர் தனக்கு வெகு தீமை செய்தான் என்று பவுல் தீமோத்தேயுவுக்குப் பெயர் சொல்லியே எழுதுகிறார். உடனே, நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்று காரணத்தையும் சேர்க்கிறார். என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இதிலிருந்துதான் கிடைத்தது: நான் இதைச் சொன்னால் யாராவது ஒருவர் காப்பாற்றப்படுவாரா, அல்லது என் மனம் மட்டும் ஆறுமா? முதலாவதுக்குப் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் வாயை மூடிக்கொள்வது நல்லது. முதலாவதுக்குப் பெயர் சொல்ல முடிந்தால், சபையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் மூடிக்கொள்வதும் ஒரு துரோகமே.

மத்தேயு 18:15 சொல்கிறபடி அவரைத் தனியாகச் சந்தித்தேன். அதற்குமுன் பேச வேண்டியதைத் தாளில் எழுதிப் பார்த்து, அவருடைய உள்நோக்கத்தைப் பற்றிய எல்லா வாக்கியங்களையும் அடித்துவிட்டேன். அவர் பொறுப்புக்காகச் செய்தாரா, பொறாமையால் செய்தாரா என்பதை நான் அறியேன். அறியாததைக் குற்றச்சாட்டாக வைத்தால் பேச்சு முழுவதும் அதை மறுப்பதிலேயே போய்விடும். மிஞ்சியவை நடந்தவை மட்டும்: உங்களிடம் சொன்னேன், இன்னாரிடம் சொன்னீர்கள், தங்கை சபைக்கு வருவதில்லை. குறுஞ்செய்தியில் இதைச் செய்ய வேண்டாம் என்பதும் என் ஆலோசனை. எழுத்தில் முகம் இல்லை. மேலும் அது ஒரே தட்டலில் வேறொருவருக்குப் போய்விடும்.

"ஜெபிக்கத்தானே சொன்னேன், தம்பி" என்றார் முதலில். எதிர்பார்த்த பதில்தான். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எதையும் எவரிடமும் சொல்லலாம் என்ற பழக்கம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. புறங்கூறுதலுக்கு இதைவிட மரியாதையான உடை கிடைக்காது. "அண்ணே, ஆண்டவருக்கு அவ பேரும் தெரியும், வியாதியும் தெரியும். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்துத் தாமாகவே வந்து, ஜெபத்துக்காக மட்டும் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் நான் அவரைத் துரத்தவும் இல்லை, எதுவும் நடக்காததுபோல நடிக்கவும் இல்லை. கண்டால் வணக்கம் சொன்னேன், வாரந்தோறும் கூடி ஜெபிப்பதை நிறுத்திவைத்தேன்.

நான் அவரை மன்னித்துவிட்டேன். உடனே ஒரு மூத்த சகோதரர், "அப்புறம் என்ன, பழையபடி ஒண்ணா ஜெபிக்க வேண்டியதுதானே" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் இந்த ஒரு காரியத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. மன்னிப்பது என் பக்கத்திலிருந்து நான் மட்டுமே செய்யக்கூடியது. நம்பிக்கை அப்படியல்ல, அதை அவர்தான் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். யோசேப்பு சகோதரர்களைக் கண்டு மறைவாக அழுதான். அழுத அதே யோசேப்புதான் அவர்களில் ஒருவனான சிமியோனைக் கட்டிவைத்தான், தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்தான். தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு சகோதரனான யூதா முன்வந்து நின்ற பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவனும் அதே யூதாதான். மாறியிருக்கிறார்களா என்று பார்த்தது வன்மம் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோரையும் நேசித்த இயேசுவே, மனுஷருள்ளத்தை அறிந்திருந்தபடியால் எருசலேமில் தம்மை விசுவாசித்தவர்களை நம்பி இணங்கவில்லை என்று யோவான் 2 சொல்கிறது.

அதே சமயம் கதவை ஒரேயடியாகப் பூட்டிவிடவும் வேதம் இடம் கொடுக்கவில்லை. ஊழியப் பயணத்தின் நடுவே பம்பிலியாவில் விட்டுப்போன மாற்குவை மறுபடி அழைத்துச்செல்ல மாட்டேன் என்று பவுல் பர்னபாவோடு கடுமையாக வாதாடிப் பிரிந்தார். அந்தப் பவுலே தம் கடைசி நிருபத்தில் மாற்குவை அழைத்துவரச் சொல்லி, ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இடையில் மாற்கு என்னென்ன செய்தான் என்று விவரமாக எழுதப்படவில்லை. ஆனால் பர்னபா அவனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு இடம் கொடுத்திருந்தார். எனவே அண்ணனோடு சபை வேலைகளில் சேர்ந்துகொள்கிறேன். கணக்கு பார்ப்பது, நோயாளிகளைச் சந்திப்பது போன்றவற்றில் அவரை முழுமையாக நம்புகிறேன், அவற்றில் அவர் ஒருபோதும் தவறியதில்லை. என் வீட்டு விஷயங்களை இப்போது அவரிடம் சொல்வதில்லை. இதை ஒளித்துச் செய்யவில்லை, அவரிடமே சொல்லிவிட்டேன்.

தங்கைக்குச் செய்ததை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். பாதிக்கப்பட்டவர் சார்பில் குடும்பத்தாரோ சபையோ மன்னிப்பு வழங்கிவிடுவது நம்மிடையே சர்வசாதாரணம். லேவியராகமம் 6 இல், தன் வசத்தில் ஒப்புவிக்கப்பட்ட பொருளில் வஞ்சனை செய்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவனுக்கே கொடுக்க வேண்டும். அதன்பின்தான் ஆசாரியனும் பலியும் வருகிறார்கள். வெளியே போன பேச்சைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அவர் யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடம் போய், அது சொல்லக்கூடாத காரியம், நான் சொன்னது தவறு, மேற்கொண்டு பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள முடியும். அதைத்தான் கேட்டேன். எளிதான காரியம் அல்ல. சிலரிடம் போனார் என்று அவர்கள் மூலமாகவே அறிந்தேன்.

தங்கைக்கு ஒரு கடிதமும் எழுதினார். அவள் அதை வாசித்தாள், சந்திக்கச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனை வைத்தாள்: தன் வியாதியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கக் கூடாது, அதற்காக அங்கே ஜெபிக்கவும் கூடாது. அவர் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, காலநிலையைப் பற்றியும் அவள் வேலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அவள் இப்போது வேறொரு சபைக்குப் போகிறாள். அங்கே யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.